மாடுலர் சிந்தசைசர் பயிலத் தொடங்குவார்க்கு

எழுத்தொலி பிறக்குமாற்றைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்துள்ளார். உந்தியினின்று எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகும் என்பது அவர் துணிபு. ஒலியைத் தோற்றுவிப்பது ஒன்று, அதனை உருப்படுத்துவது பிறிதொன்று என்னும் இவ்வுண்மையை உளங்கொண்டார்க்கு மாடுலர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி அச்சந் தருவதன்று.

இக்கருவி பல தனிப்பெட்டிகளின் தொகுதியாம். பெட்டி ஒவ்வொன்றும் மாட்யூல் எனப்படும். இவற்றைக் கம்பிகளால் இணைத்தே ஒலி பெறல் வேண்டும். மின்னலையை எழுப்பும் ஆசிலேட்டரை மிடறு எனலாம். அவ்வலையின் கூறுகளிற் சிலவற்றை நீக்கி ஒலியின் தன்மையை மாற்றும் பில்டர், நாவும் இதழும் போல்வது. ஒலியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் விடுவது ஆம்பிளிபையர். இதன் இயல்பை எம் ஆலங்குளத்து உழவர் எளிதின் உணர்வர்: குளம் நிறைந்திருப்பினும் மடை திறந்த அளவே நீர் வயலுக்குப் பாயும். அதுபோல, ஆசிலேட்டர் ஓயாது இயங்கினும் ஆம்பிளிபையர் திறந்த அளவே ஒலி செவிக்கு எட்டும். அம்மடை எவ்வளவு விரைவில் திறந்து மூடவேண்டும் என ஆணையிடுவது என்வலப்.

இவ்வாணை மின்னழுத்தமாகவே செல்லும். 1964இல் அமெரிக்கராகிய ராபர்ட் மோக் அமைத்த கருவியின் அடிப்படை இதுவே. அழுத்தம் 1 வோல்ட் உயரின் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஆதலின் ஒரு சுரத்தானத்திற்கு 1/12 வோல்ட் ஆகும்.

இக்கலை மேலைநாட்டார்க்கே உரியதென்று எண்ணற்க. 1969இல் அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைவாணர் துணையால் மோக் கருவியொன்று நிறுவப்பட்டது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை படைத்தனர். 1969 முதல் 1972 வரை பதிவான அவ்வொலிநாடாக்கள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் உறங்கிக் கிடந்தன. பால் பர்காஸ் என்பார் முயற்சியால் 2023இல் இசைத்தொகுப்பாய் வெளிவந்தன. பதிந்து வையாதிருந்தனரேல் அவ்விசை காற்றோடு கலந்து மறைந்திருக்கும்.

மழையை நம்பிய ஊரிற் பிறந்த எம்மனோர்க்கு இப்பெட்டிகளின் விலை மலைப்பூட்டுவதே. எனினும் 2017இல் வெளியான விசிவி ராக் என்னும் மென்பொருளைக் கணினியில் விலையின்றிப் பெறலாம். முதற்கண் மேற்கூறிய நான்கினை மட்டும் அதில் இணைத்து, ஒவ்வொன்றையும் மெல்லத் திருகிச் செவி கொடுத்துக் கேட்க. பின்னர்ப் பெட்டி வாங்குவோர், டோப்பர் நிறுவனம் 1990களின் நடுவில் வகுத்த யூரோராக் முறையைக் கொள்ளலாம். எல்லா மாட்யூல்களும் கொள்ளும் மின்னோட்டத்தைக் கூட்டி, மின்வழங்கி அதனைத் தாங்குமா எனக் காண்க. நாடாக்கம்பியின் சிவப்புக்கோடு −12 வோல்ட் குறியுள்ள பக்கத்தில் அமைவது வழக்கம். மாற்றிச் செருகின் மாட்யூல் பழுதாகும்.

கம்பியைப் பிடுங்கிய அக்கணமே அவ்வொலி அழிந்துபடும். மீண்டும் அதனைப் பெறுதல் அரிது. ஆதலின் இணைத்த முறையைக் குறிப்பேட்டில் வரைந்து, ஒலியையும் பதிந்து வைத்தல் முதல்நாள் தொட்டே கைக்கொள்ளத்தக்க வழக்கம். எழுத்தறிந்த பின்னரே புணர்ச்சி கற்கும் மாணவரைப்போல, ஒன்றன் இயல்பை முற்ற அறிந்தபின் அடுத்ததை நாடுவோமாக.