மருத்துவச் சுவடிகளில் மருந்தும் துணைமருந்தும்

சித்த மருத்துவச் சுவடியைப் பதிப்பிக்கப் புகுவோர்க்கு இலக்கணமும் யாப்பும் மட்டும் போதா. பிற நூல்களிற் பாடம் பிறழின் பொருள் கெடும். ஈண்டு உயிரே கெடும். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1955-இல் தோன்றியபோது அதற்குத் தலைமை தாங்கிய ழான் ஃபிலியோசா கண் மருத்துவத் தொழில் நடத்தியவர். வடமொழியும் தமிழும் கற்றவர். இந்திய மருத்துவக் கோட்பாடு பற்றி 1949-இல் பிரெஞ்சு மொழியில் நூலொன்று வெளியிட்டவர். இவ்விருவகைப் பயிற்சியும் ஒருவரிடத்து அமைதல் அரிது. அந்நிறுவனத்துச் சுவடிகளிற் பெரும்பாலன சைவம் சார்ந்தன. மருத்துவ ஏடுகளும் அங்கு உள.

உள்மருந்து 32, வெளிமருந்து 32 என்பது சித்த மருத்துவ மரபு. இப்பகுப்பு வடிவம் பற்றியது மட்டுமன்று, காலமும் பற்றியது. குடிநீர் ஒரு சாமத்துக்கு மேல் ஆகாது. சூரணத்துக்கு 3 திங்கள். செந்தூரத்துக்கு 75 ஆண்டு. பற்பத்துக்கு 100 ஆண்டு என்பர். ஆகவே குடிநீரை அவ்வப்போது எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும்; பற்பத்தையோ முன்னரே முடித்துச் சேமித்து வைக்கலாம். திபெத்தியரின் 'நான்கு தந்திரம்' என்னும் மருத்துவநூலும் குடிநீர், பொடி, மாத்திரை, நெய் என மருந்தை வகுத்தல் ஒப்புநோக்கத் தக்கது.

பற்பம் முடித்தற்குப் புடம் வேண்டும். காடைப்புடத்துக்கு வறட்டி 1, கவுதாரிப்புடத்துக்கு 3, வராகப்புடத்துக்கு 50, கசபுடத்துக்கு 1000 எனக் கணக்குண்டு. செய்யுளில் 'புடமிடு' என்ற அளவே நிற்பதும் உண்டு. எப்புடம், எத்தனை முறை என்பன ஆசான் வாய்மொழியாற் பெறத்தக்கன. 'சுத்தி செய்' என்பதும் அத்தகையதே. நேர்வாளத்தின் தோலும் உள்முளையும் நீக்காது சேர்த்தால் என்னாகும் என்பதை மருத்துவர் அறிவர்; பதிப்பாசிரியர் அறியார்.

சொற்பொருளில் வரும் இடர் இதனினும் பெரிது. 'நாகம்' என்பது சித்த நூல்களில் துத்தநாகம். ஆயுர்வேத நூல்களிலோ காரீயம். கிரந்தச் சுவடியிற் பழகிய கண் தமிழ் ஏட்டையும் அவ்வாறே படித்துவிடின், நோயாளிக்குக் காரீயம் போய்ச் சேரும். 'நாகம் பலம் அ' என வருமிடத்து 'அ' எழுத்தன்று, எட்டு என்னும் எண். பழைய ஏடுகளிற் புள்ளியில்லாமையும் நினைக்கத்தக்கது.

இனி, அனுபானம் எனப்படும் துணைமருந்து. பற்பம் முதலியன மிகச் சிறு அளவின ஆதலின், தேன், நெய், பால், வெண்ணெய், இஞ்சிச்சாறு ஆகியவற்றுள் ஏற்றதொன்றிற் குழைத்துத் தரப்பெறும். மருந்து ஒன்றேயாயினும் துணை மாறின் அது தீர்க்கும் நோயும் மாறும். உப்பு, புளி நீக்கும் பத்தியமும் இதனோடு சேர்ந்ததே. அனுபானத்தை மருந்தின் புறத்ததாகக் கருதி அடிக்குறிப்பில் தள்ளுதல் பிழை என்பது எம் கருத்து.

ஏட்டின் ஓரம் முரிந்து அனுபானப் பெயர் மறைந்திருப்பின், எதுகை நோக்கித் 'தேன்' என நிரப்பும் ஆசை புலவர்க்கு எழுதல் இயல்பு. அடுத்த அடியில் நெய் கூறப்பட்டிருக்கலாம். தேனும் நெய்யும் சம எடையிற் கூடின் நஞ்சாம் என்பதோ மருத்துவ மரபு. அவ்விடத்தைப் புள்ளியிட்டு வெறுமையாகவே அச்சிடுக. யாப்புக் குறையினும் குறைக.