வேடந்தாங்கல்: கண்ணியும் கவுலும்

ஏரிக்கரைகளில் நீர்ப்பறவை பிடிப்பது பழந்தொழில். காலைக் கட்டிய பார்வைப் பறவையொன்றை ஆழமில்லாத தண்ணீரில் நிறுத்தி, சுற்றிலும் சுருக்குக் கண்ணிகளை நட்டுவிட்டு, வேடர் கோரைக்குள் பதுங்குவார். தன் இனம் மேய்கிறதென்று நம்பி இறங்கும் பறவை கால் வைத்ததும் சுருக்கு இறுகும்.

வேடந்தாங்கல் ஊரார் வேறு வழி கண்டார்கள்: பறவைகளைப் பிடிக்காமல் காத்தார்கள். இரக்கத்தோடு கணக்கும் உண்டு: கடம்ப மரங்களில் கூடு கட்டும் கொக்கு, நாரைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம். காசில்லாத உரம்! வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் (எழுத்து மூலமான உறுதி) வாங்கினார்கள், 1858-இல் புதுப்பித்தார்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். எங்கேனும் கண்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.