தீயணைப்பு வண்டியும் மாறும் எண்ணும்

பேருந்து நிலையத்தில் காத்து நிற்கும் நாம், வந்து நிற்கும் வண்டியின் முகப்பில் இரண்டு எண்களைக் காண்கிறோம். ஒன்று தட எண். மற்றொன்று பதிவு எண். வழக்கமாக ஓடும் பேருந்து பழுதுற்றால் பணிமனையிலிருந்து வேறொரு வண்டி வருகிறது. அதன் பதிவு எண் வேறு. ஆயினும் அதே தட எண்ணை ஏற்றுக்கொண்டு அதே ஊருக்குச் செல்கிறது. பயணியும் தயங்காமல் ஏறி அமர்கிறார். பதிவு எண் வண்டியைச் சுட்டுகிறது. தட எண் வண்டி செய்யும் பணியைச் சுட்டுகிறது. எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, உயிர் காக்கும் துறையொன்றில் எத்துணை இன்றியமையாததாகிறது என்பதை அமெரிக்க நாட்டுத் தீயணைப்பு வண்டிகளைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

படையும் எண்ணும்

அமெரிக்கப் பெருநகரங்களில் தீயணைப்போர் 'கம்பெனி' எனப்படும் சிறு படைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். 'இன்ஜின் கம்பெனி' குழாய்களைக் கொணர்ந்து நீரைப் பாய்ச்சும். 'லேடர் கம்பெனி' ஏணிகளுடன் சென்று, பூட்டிய கதவுகளைத் திறந்து, உள்ளே சிக்கியோரைத் தேடி மீட்கும். ஒவ்வொரு படைக்கும் தனித்தனி எண் உண்டு.

நியூயார்க் நகரில் 1865 வரை தன்னார்வலர்களே இப்பணியை ஆற்றி வந்தனர். அவ்வாண்டில் ஊதியம் பெறும் படை அமைந்தது. அப்போது தோன்றிய 'லேடர் 3' இன்றும் அதே எண்ணுடன் பணியாற்றுகிறது. குதிரைகள் தீயணைப்பு வண்டியை இழுத்த காலம் அந்நகரில் 1922இல் முடிந்தது. அதன்பின் எந்திர வண்டிகள் பல வந்தன, பல கழிந்தன. மூன்று என்னும் எண் மட்டும் நிலைத்து நின்றது.

இருவகை எண்கள்

எந்த வண்டியும் ஓயாது உழைத்தல் இயலாது. நீரேற்றும் பம்பு பழுதுறும், ஏணியைச் சோதிக்க வேண்டிவரும், நிறுத்துகருவி தேயும். அந்நாட்களில் படை கைகட்டி நிற்க முடியுமா? ஆதலின் நகரங்கள் மாற்று வண்டிகள் சிலவற்றை ஒதுக்கி வைத்துள்ளன. பெரும்பாலும் இவை முன்னர் முதல்நிலைப் பணியிலிருந்து, வயது கூடியதால் பின்னுக்கு வந்தவை. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை இந்நிலைக்கு மாற்றலாம் என அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பரிந்துரைத்து வந்துள்ளது.

இம்மாற்று வண்டி ஒன்று இந்த வாரம் ஒரு படையிடமும், அடுத்த வாரம் வேறொரு படையிடமும் இருக்கும். எனவே அதற்கு இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன. முதலாவது நிலை எண். வண்டி பணிக்கு வந்த நாள் முதல் கழிக்கப்படும் நாள்வரை அது மாறாது. நியூயார்க்கில் இந்நிலை எண், வண்டியைச் செய்த நிறுவனம், அதன் வகை, ஆண்டு, வரிசை ஆகியவற்றைக் காட்டுமாறு எழுத்தும் இலக்கமும் சேர்ந்து அமையும். எண்ணெய் மாற்றியது, சக்கரம் மாற்றியது, பம்பைச் சோதித்தது ஆகிய குறிப்புகள் யாவும் இவ்வெண்ணின்கீழ்ப் பதிவாகும். இரண்டாவது பணி எண். அது படைக்கு உரியது. வண்டி அதனைச் சில காலம் சுமந்து செல்கிறது, அவ்வளவே.

மாற்றாவிடில் நேர்வது

'எண்ணில் என்ன இருக்கிறது? தீயை அணைத்தால் போதாதா?' என்று ஒருவர் வினவலாம். புகை சூழ்ந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எண்ணிப் பார்ப்போம். வெளியே நிற்கும் தலைமை அலுவலர் எந்தப் படை எந்தத் தளத்தில் உள்ளது என்பதைப் படையெண் கொண்டே குறித்துக்கொள்கிறார். வயர்லெஸ் கருவியில் ஆணையிடுவதும், உள்ளிருப்போர் உதவி கோருவதும் அவ்வெண்ணாலேயே. வீரர்களின் தலைக்கவசத்தின் முன்புறத்திலும் படையெண்ணே விளங்கும்.

அத்தருணத்தில் மாற்று வண்டி, தான் முன்பு சுமந்த வேறு எண்ணுடனேயே வந்து நின்றால் என்னாகும்? வாராத படை வந்துவிட்டதாகக் கருதப்படும். வந்த படை வரவில்லை எனக் கொள்ளப்படும். கட்டடம் தளர்ந்து அனைவரையும் வெளியேற்றி எண்ணும்போது, உள்ளே இல்லாதவரைத் தேடச் சிலர் அனுப்பப்படலாம். உள்ளே இருப்பவரைத் தேட எவரும் செல்லாமல் போகலாம். ஓர் இலக்கத்தின் பிழைக்கு ஓர் உயிர் விலையாகும் இடம் அது.

இதனைத் தவிர்க்கவே மாற்றிப் பொருத்தத்தக்க எண்கள் எழுந்தன. வண்டியின் பக்கங்களில் சிறு சட்டங்களை அமைத்து, எண் பொறித்த தகடுகளை அவற்றில் செருகுவது ஒரு முறை. காந்தத் தகடுகளை ஒட்டுவது மற்றொரு முறை. படையினர் மாற்று வண்டிக்குக் குழாய்களையும் கருவிகளையும் ஏற்றும்போதே தம் எண்ணையும் ஏற்றிவிடுகின்றனர். இன்று தகட்டை மாற்றினால் மட்டும் போதாது. வண்டி எங்குள்ளது என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கும் கணினியும் வயர்லெஸ் கருவியும் புதிய பணி எண்ணை ஏற்க வேண்டும். கண்ணுக்கு ஓர் எண்ணும் கணினிக்கு ஓர் எண்ணும் தெரிந்தால் பழைய குழப்பமே புதிய வடிவில் வந்து சேரும்.

இலக்கண நோக்கு

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் ஆகுபெயர் நினைவுக்கு வருதல் இயல்பே. 'லேடர்' என்பது ஏணியைக் குறிக்கும் சொல். ஏணியின் பெயர் முதலில் அதனைத் தாங்கும் வண்டிக்கு ஆயிற்று. பின்னர் வண்டியில் செல்லும் மனிதர்க்கு ஆயிற்று. 'லேடர் மூன்று உள்ளே சென்றுவிட்டது' என்றால் உள்ளே சென்றோர் மனிதரே. இதனை இருமடியாகுபெயர் எனலாம். 'மூன்று' என்பதும் இங்கு எண்ணிக்கை அன்று. ஏணிகள் மூன்று என எவரும் பொருள் கொள்ளார். பெயரின் முடிவான பொருள் மனிதர் ஆதலின், வண்டி மாறினும் பெயர் மாறுவதில்லை.

முடிவுரை

2001 செப்டம்பர் 11 அன்று உலக வணிக மையத்தில் நியூயார்க் தீயணைப்புத் துறை தன் வீரர் 343 பேரை இழந்தது. அவர்களுள் 11 பேர் லேடர் 3 படையினர். அவர்கள் சென்ற வண்டி முன்புறம் நசுங்கிச் சிதைந்தது. 2014இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் அவ்வண்டி இன்று வைக்கப்பட்டுள்ளது. அப்படையின் நிலையத்திலோ வேறு வண்டி, வேறு வீரர், அதே எண். மணி ஒலித்தால் லேடர் 3 புறப்படுகிறது.

அருங்காட்சியகத்து வண்டியிலிருந்து அவ்வெண்ணை எவரும் கழற்றவில்லை. ஓரிடத்தில் அது மறைந்தோரின் பெயர். மற்றோரிடத்தில் இருப்போரின் கடமை. தகட்டில் எழுதிய எண்ணைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். அதனை மாட்டிக்கொண்ட வண்டியில் ஏறுவோர், தமக்கு முன் அவ்வெண்ணுடன் சென்றோரின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டே ஏறுகின்றனர் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.