பெட்ரோலை அளந்து கொடுக்கும் பெட்டி!
வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டாவது உலகப் போர் சமயம். பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். 1912-ல் மதுரையில் பஸ் சர்வீஸ் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார், வண்டிகள் நின்றுவிடாமல் இருக்க ஒரு கருவியைத் தயாரித்தார். அதன் பெயர் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்'.

அடுப்புக்கரியைப் போதிய காற்று விடாமல் எரித்தால் ஒரு வாயு வரும். விஷ வாயுதான்; ஆனால் எரியும். அதை வடிகட்டி, ஆறவைத்து, காற்றோடு கலந்து விட்டால் என்ஜின் ஓடும். பெட்ரோலின் பலம் இராது. மேடு வந்தால் வண்டி திணறும்.

கஷ்டமெல்லாம் அந்தக் கலவையில்தான். கரி கனிந்திருந்தால் ஓர் அளவு, தணிந்தால் வேறு அளவு. இத்தகைய வண்டிகளில் டிரைவரேதான் காற்றைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்க வேண்டும்.

பெட்ரோல் கார்களில் கலக்கும் வேலையைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. பெட்ரோலின் எடையைப்போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். அதற்கேற்ப அதன் துளைகளை அமைத்துவிட்டார்கள்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு 9 மடங்கு காற்றே போதும். பாவம், பழைய அம்பாசிடரின் கார்புரேட்டருக்கு இது எப்படித் தெரியும்? பழைய அளவிலேயே ஊற்றுகிறது. கலவையில் காற்று மிஞ்சுகிறது, வண்டி முக்குகிறது.

துளையை மாற்றிச் சரிசெய்யலாம். அதைவிட நுட்பமான வழி, எலெக்ட்ரானிக் பெட்டி வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சுவது.

கடையில் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. "ஆக்சிஜன் சென்சார் உண்டா?" என்று கேளுங்கள். புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். சாதாரண சென்சார், கலவையில் பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று மட்டுமே சொல்லும். 'வைட்பேண்ட்' சென்சார் எவ்வளவு என்றும் சொல்லும். சென்சாரே இல்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பந்தயக் காருக்கான வசதிகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. அம்பாசிடருக்கு நான்கு சிலிண்டர்தானே!

பெட்டியோடு புதுப் பம்பும் வரவேண்டும். பல என்ஜின்களில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் பாய்கிறது. கார்புரேட்டருக்கு இதில் பத்தில் ஒரு பங்கே போதும். பழைய ரப்பர் குழாயை அப்படியே விட்டால் பிய்த்துக்கொள்ளும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் பட்டால் தீதான்!

பொருத்தியதோடு வேலை முடியாது. மெக்கானிக் லாப்டாப்பை இணைத்து, வண்டியை ஓட்டிப் பார்த்து அளவுகளைத் திருத்த வேண்டும். சில பெட்டிகளில் விற்றவரைத் தவிர யாரும் கைவைக்க முடியாது. மதுரையில் அதைத் திருத்தத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். என்ஜினை இப்படி மாற்ற அனுமதி உண்டா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.