ஒரே பக்கம், பல கைகள்

நான்கு மாணவிகள் சேர்ந்து ஓர் ஒப்படை தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி எழுதியதை வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அடுத்தவள் அதைத் திருத்தி, "இறுதி" என்று பெயரிட்டு அனுப்புகிறாள். அதே நேரத்தில் மூன்றாமவள் பழைய பிரதியில் திருத்திக்கொண்டிருக்கிறாள். இரவு பத்து மணிக்குள் ஐந்து பிரதிகள் சேர்ந்துவிடும். எது சரியானது என்று ஒருவருக்கும் தெரியாது. பெரிய அலுவலகங்களிலும் இதே தொல்லை உண்டு. இதைத் தீர்க்க வந்த மென்பொருள்தான் விக்கி.

விக்கி என்பது, வாசிப்பவர்களே திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுதி. இதில் பிரதிகள் ஆளுக்கு ஆள் பறப்பதில்லை. பக்கம் ஒரே இடத்தில் இருக்கும். ஆட்கள்தான் அதைத் தேடி வருவார்கள். அமெரிக்க நிரலாளர் வாட் கன்னிங்காம், நிரலாளர்கள் தமது தொழில் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக 1995 மார்ச் 25ஆம் திகதி முதலாவது விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" பஸ்ஸின் நினைவாகவே அவர் இப்பெயரை வைத்தார். ஆகவே, விக்கி பிறந்ததே தொழில் தேவைக்காகத்தான். எல்லோரும் அறிந்த விக்கிப்பீடியா 2001இல்தான் வந்தது.

விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. அதன் பக்கத்தில் முக்கியமாக மூன்று வசதிகளைக் கவனிக்க வேண்டும். "தொகு" என்பதை அழுத்தினால் பக்கத்தைத் திருத்தலாம். "வரலாறு" என்பதை அழுத்தினால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரிசையாகத் தெரியும். ஒரு திருத்தம் பிழையானால் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம். கருத்து வேறுபாடு இருந்தால் "உரையாடல்" பக்கத்தில் பேசித் தீர்க்கலாம். இம்மூன்றிலும் வரலாறே உயிர்நாடி. அது இருப்பதால்தான் பலரையும் நம்பி ஒரு பக்கத்தைத் திறந்துவைக்க முடிகிறது.

நமக்குப் பழக்கமான ஒரு தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, நொதிக்க விடுவது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என்று வேலை பல கைகள் மாறுகிறது. மழை நாளில் வரும் ஈரக் கொழுந்தை எவ்வளவு நேரம் கூடுதலாக வாட்ட வேண்டும் என்பது பல வருடம் வேலை செய்தவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அதையே விக்கியில் ஒரு பக்கமாக எழுதிவைத்தால், பகல் வேலைக்காரர் எழுதியதில் இரவு வேலைக்காரர் தமது அனுபவத்தைச் சேர்க்கலாம். புதிதாக வருபவர் முதல் நாளே வாசிக்கலாம். கைக்குக் கை மாறும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

தமிழில் இதற்குச் சான்று தேடித் தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிக்கொண்டே 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே கைகோத்தனர். 2017இல் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தாண்டின. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்த 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது.

கற்பதற்குச் செலவு எதுவும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் "மணல்தொட்டி" என்றொரு பக்கம் உண்டு. சிறுபிள்ளை மணலில் எழுதி அழிப்பதுபோல அங்கே பயமின்றிப் பழகலாம். பிறகு ஒரு கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். என்ன செய்தீர்கள் என்பதைச் சுருக்கக் கட்டத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்ததாக, நம்பகமான ஆதாரத்துடன் ஒரு வசனம் சேருங்கள். பாடநூலைப் பார்த்து அப்படியே எழுதாமல், சொந்த வசனத்தில் எழுத வேண்டும். மீடியாவிக்கி இலவச மென்பொருள் என்பதால், பாடசாலைக் கணினி அறையிலும் நிறுவி நமக்கென ஒரு விக்கியை நடத்தலாம்.

பெற்றோருக்கு இணையம் என்றாலே ஒரு தயக்கம் வருவது இயல்பு. விக்கிப்பீடியாவில் எழுத முகப்படமோ தொலைபேசி இலக்கமோ தேவையில்லை. சொந்தப் பெயரும் அவசியமில்லை. புனைபெயரில் கணக்குத் திறக்கலாம். ஆனால், எழுதியது வரலாற்றில் தங்கிவிடும் என்பதால் வீட்டு விபரங்களை எங்கும் எழுதக் கூடாது. இதைப் பிள்ளைகளோடு இருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

மென்பொருளைச் சில நாட்களில் கற்றுவிடலாம். என் வசனத்தை இன்னொருத்தி திருத்தும்போது மனம் கோணாமல் இருப்பதும், இன்னொருத்தியின் வசனத்தை அவள் தந்த அமானிதமாக எண்ணிக் கவனமாகத் திருத்துவதும்தான் கடினம். எந்த வேலைத்தளத்திலும் சம்பளத்துக்கு முன் நம்மிடம் எதிர்பார்க்கப்படும் பண்பு இது.

விக்கியில் இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான இணைப்பு சிவப்பு நிறத்தில் தெரியும். யாராவது எழுதி முடித்ததும் அது நீலமாகும். நமது மூத்தவர்களின் தொழிலறிவு, நமது பாடசாலை மன்றங்கள் வருடா வருடம் செய்யும் வேலைகள் என்று நம்மைச் சுற்றியும் எத்தனையோ சிவப்பு இணைப்புகள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவற்றில் சிலவற்றையாவது நீலமாக்குவோம்.