மாங்குளத்துக் குகையும் நாற்பத்திரண்டு ஆண்டுப் புதிரும்

ஆளரவமற்ற தீவில் கொடிகளை வெட்டி வழி செய்துகொண்டு போகும் பயணிகள் திடீரென்று ஒரு பழங்கோயிலின் முன் வந்து நிற்பார்கள். சுவரில் யாருக்கும் புரியாத எழுத்து இருக்கும். சிறுவயதில் இப்படி ஒரு கதையாவது படிக்காதவர் குறைவு. அந்தக் கதைக்கு மிகவும் நெருங்கிய உண்மைச் சம்பவம் ஒன்று மதுரைக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கதையைவிட அதுதான் வியப்பானது என்பது என் எண்ணம்.

மதுரைப் புறநகரான விளாங்குடியில் ஒரு மொட்டை மாடியில் ஏறி வைகைக்கு அப்பால் பார்த்தால் நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். அதற்குத் தெற்கே சமணர் மலை. மதுரைக்கு வடகிழக்கே போனால் யானைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள், மாங்குளத்து ஓவாமலை. வயலும் கண்மாயும் தென்னந்தோப்புமாகத் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் இவை திடுதிப்பென்று எழுந்து நிற்கின்றன. சமவெளியில் இப்படித் தனித்து நிற்பவற்றைப் புவியியலாளர்கள் தீவுக்குன்றுகள் என்கிறார்கள். ஐப்பசி மழைக்குப் பின் கண்மாய்கள் நிரம்பியிருக்கும்போது பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தக் குன்றுகள் மேலே வளர்ந்தவை இல்லை, சுற்றியிருந்தது கரைந்துபோனதால் மிஞ்சியவை. மதுரை வட்டாரப் பாறைகள் பல, ஏறத்தாழ 50 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலப்பரப்புக்குப் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவும் ஒட்டி ஒரே கண்டமாகிக்கொண்டிருந்த காலம் அது. மேலே இருந்த நிலம் காற்றிலும் மழையிலும் ஆற்றிலும் அரிபட்டுப் போகப் போக, பாறையை அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறைந்தது. பாரம் குறைந்தால் பாறை சற்றே விரியும். விரியும்போது அதன் மேற்பரப்புக்கு இணையாக விரிசல்கள் ஓடும். பிறகு வெயிலும் நீரும் சேர்ந்து அந்த அடுக்குகளைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த பலகை விழுந்த இடத்தில், மேலே கூரைபோல் பாறை நீட்டிக்கொண்டிருக்க, கீழே நிழல் விழும் ஒரு பொந்து உண்டாகும். மதுரைக் குன்றுகளின் குகைகள் பலவும் இப்படிப் பிறந்தவைதான். மனிதன் குடைந்தவை இல்லை. அவன் செய்தது சில திருத்தங்கள் மட்டுமே.

அந்தத் திருத்தங்களில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். குகையின் நெற்றியில், கூரைப் பாறை வெளியே நீட்டும் விளிம்பை ஒட்டி, நீளமாக ஒரு பள்ளக்கோடு வெட்டியிருப்பார்கள். நீர்வடி விளிம்பு, காடி என்றெல்லாம் தொல்லியலாளர்கள் இதைச் சொல்வார்கள். டம்ளரிலிருந்து பாலை மெதுவாகச் சாய்த்தால், அது நேரே கீழே விழாமல் டம்ளரின் அடிப்பக்கமாக வழிந்து கையை நனைக்குமே, பாறையிலும் மழைநீர் அதையேதான் செய்யும். விளிம்புக்கு வந்த நீர் சொட்டிவிடாமல், பாறையைப் பற்றிக்கொண்டு கூரையின் அடிப்புறமாகவே குகைக்குள் ஊர்ந்து வரும். குறுக்கே கூர்மையாக ஒரு வெட்டு இருந்தால் அந்தப் பிடி அறுந்துபோகும். நீர் வெளியிலேயே சொட்டிவிடும். மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது இந்தக் குகைகளில் வாழ்ந்த சமணத் துறவிகளின் நெறி. நனையாத கூரை அவர்களுக்கு அவசியம். அந்த வெட்டின் உபயத்தால் இன்னொன்றும் பிழைத்தது. காடிக்குக் கீழே செதுக்கிய எழுத்துகளின்மேல் ஈராயிரம் ஆண்டு மழை நேராக வழியவில்லை.

உள்ளே தரையைக் கொத்திச் சமன்செய்து ஆள் படுக்கும் அளவில் கற்படுக்கைகள் அமைத்திருப்பார்கள். தலை வைக்கும் பக்கம் சற்று உயர்ந்திருக்கும். சுற்றுவட்டார மக்கள் இத்தகைய இடங்களைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லி வந்தார்கள். ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்கியவர்களும் மழைக்கு ஒதுங்கிய இடங்கள் இவை. ஆகவே குகையை யாரும் ‘கண்டுபிடித்தார்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைந்து கிடந்தது நெற்றியில் இருந்த எழுத்தின் பொருள்.

1882-இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி மாங்குளத்துக் குகை எழுத்துகளைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிவித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் கல்வெட்டுத் துறையினர் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக் குன்றுகள் பலவற்றில் இதே மாதிரி எழுத்துகளைப் படியெடுத்தார்கள். எழுத்து என்னவோ தெரிந்த எழுத்துதான். அசோகரின் பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் 1837-லேயே படித்து முடித்திருந்தார். மதுரைக் குகைகளில் இருந்ததும் ஏறக்குறைய அதே வடிவம். ஆனால் அசோகர் கல்வெட்டுகளைப் படிக்கும் முறையில் படித்தால் அவற்றின் மொழியான பிராகிருதமும் வரவில்லை, வேறு எந்த மொழியும் வரவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது, ஒரு வாக்கியமும் புரியவில்லை.

1919-இல் எச். கிருஷ்ண சாஸ்திரி சில இடங்களில் தமிழ்ச் சொற்கள் தட்டுப்படுவதாகச் சொன்னார். 1924-இல் சென்னையில் நடந்த கீழைத்தேய ஆய்வாளர் மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் முழுப் பூட்டையும் திறந்தார். அவர் பிடித்துக்கொண்ட தடயங்கள் எளியவை. வடநாட்டுப் பிராமியில் க, ச, ட, த, ப ஒலிகளுக்கு மேலதிகமாக இருக்கும் வர்க்க எழுத்துகள் இங்கே ஒன்றிரண்டு வடசொற்களைத் தவிர வரவே இல்லை. அங்கே பார்த்திராத நான்கு வடிவங்கள் இங்கே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை ழ, ள, ற, ன என்று வைத்துப் படித்தபோது ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் துலங்கின. கல் பேசியது தமிழ். சீவல் காலத்திலிருந்து எண்ணினால் 42 ஆண்டுகள்.

இத்தனை காலம் ஏன் ஆயிற்று என்பதில்தான் இந்தக் கதையின் மிக அழகான பகுதி இருக்கிறது. பிராகிருதத்தில் சொற்கள் பெரும்பாலும் உயிர் ஒலியில் முடியும். ஆகவே அங்கே வெறும் மெய்யெழுத்துக்கு என்று தனிக் குறி தேவைப்படவில்லை. ஒரு குறியும் இல்லாமல் எழுதினால் அது அகரம் சேர்ந்த உயிர்மெய். தமிழிலோ மகன், ஊர், கல், மரம் என்று எங்கே பார்த்தாலும் மெய்யில் முடியும் சொற்கள். புள்ளி இன்னும் வராத காலம். மதுரைப் பக்கத்து எழுத்தர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒன்றும் சேர்க்காத எழுத்தை மெய்யாக வைத்துக்கொண்டார்கள். அகரம் சேர வேண்டுமானால் எழுத்தின் பக்கத்தில் ஒரு சிறு கோடு. அசோகர் கல்வெட்டில் அந்தக் கோட்டுக்கு ஆகாரம் என்று பொருள்! விளைவு என்ன? இவர்கள் ‘மகன்’ என்று எழுதியதை, அசோகர் வழக்கில் பழகிய கண் ‘மாகான’ என்று படிக்கும்.

இந்த முறையிலும் ஓர் இடர் இருந்தது. அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே கோடு என்பதால் பல் எது, பால் எது என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு வேறொரு முறையை முயன்றார்கள். அதில் ஆகாரம் தெளிந்தது, மெய்யும் அகர உயிர்மெய்யும் குழம்பின. கடைசியில் மெய்யின்மேல் ஒரு புள்ளி வைத்தால் எல்லாம் தீரும் என்று கண்டுகொண்டார்கள். தொல்காப்பியம் விதியாகச் சொல்லும் அந்தப் புள்ளியைத்தான் நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் வைக்கிறார்கள். தங்கள் மொழிக்கு ஓர் எழுத்துமுறையைப் பொருத்திப் பார்க்க ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செய்த சோதனைகளின் தாள்கள் இந்தப் பாறைகள். இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் தன் மொழிக்குக் கிடைத்திருப்பதை எண்ணிப் பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை.

எழுத்து படிக்கப்பட்ட பிறகு உள்ளே இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். மாங்குளத்துக் கல்வெட்டுகள் ஆறு; கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே 1960களில் குகை குகையாக ஏறி இந்த எழுத்துகளை மீண்டும் படித்தவர் அவர். கணி நந்தன் என்ற துறவிக்கு இந்தப் பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம், கொடை. கொடுத்தவன் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் அலுவலன், கடலன் வழுதி. இன்னொரு கல்வெட்டில் செழியனுக்குப் பெண்வழியில் உறவான இளஞ்சடிகன், அவன் தந்தை சடிகன். மற்றொன்றில் வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் சங்கத்தினர். நெடுஞ்செழியன் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட பாண்டியர்கள் சங்க இலக்கியத்தில் வருகிறார்கள். ஏட்டில் மட்டும் பார்த்திருந்த பெயர், அப்பெயர் கொண்ட மன்னன் ஒருவன் வாழ்ந்த காலத்திலேயே வெட்டப்பட்ட கல்லில் வந்து நின்றது. சங்க காலம் வெறும் புலவர் கற்பனையோ என்று ஐயப்பட்டவர்களுக்கு அது ஒரு பதில்.

எனக்கு மன்னனைவிட அழகர்மலைக்காரர்களை அதிகம் பிடிக்கும். அங்குள்ள குகைக் கல்வெட்டுகளின் கொடையாளிகள் பட்டியலில் உப்பு வணிகன் வியகன் இருக்கிறான். கருப்பஞ்சாற்றுப் பாகு விற்றவன், துணி வணிகன், பொற்கொல்லன், கலப்பைக் கொழு விற்றவன் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். உப்பு விற்றவனின் பெயர் ஈராயிரம் ஆண்டு நிலைத்த ஊர் உலகில் எத்தனை இருக்கும்? கொழு வணிகன் அங்கே இருப்பதில் இன்னொரு பொருத்தம். இந்தப் பாறையிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. உளியால் அதை மரம்போல் சீவ முடியாது. நிமிர்த்திப் பிடித்துத் தட்டித் தட்டிப் பொடியாக்கித்தான் ஒவ்வொரு கோட்டையும் இறக்க வேண்டும், முனை மழுங்க மழுங்க உளியைக் காய்ச்சித் தீட்ட வேண்டும். நல்ல இரும்பும் நல்ல கொல்லனும் இல்லாத ஊரில் இந்த எழுத்து இல்லை.

2007-இல் தமிழகத் தொல்லியல் துறை மாங்குளத்தில் அகழாய்வு செய்தபோது குகைக்கு அருகே செங்கல் கட்டடம் ஒன்றின் எச்சம் வெளிப்பட்டது. செங்கற்களும் துளையிட்ட கூரை ஓடுகளும் கிடைத்தன. துறவிகள் கூடி வழிபட்ட மண்டபம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சங்க காலத்துக் கோயில்கள் மண்ணாலும் மரத்தாலும் செங்கல்லாலும் ஆனவை. ஆகவே அவை அழிந்துபோயின என்று சொல்லக் கேட்டிருப்போம். அப்படி அழிந்த ஒன்றின் அடித்தளம் இங்கே மலைமேல் தங்கியிருந்தது.

சமணர் மலையில் கதை இன்னும் ஆயிரம் ஆண்டு நீள்கிறது. பேச்சிப்பள்ளத்தில் சுனையின் பக்கம் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. அச்சணந்தி என்ற புகழ்பெற்ற துறவியின் தாய் குணமதியார் ஓர் உருவத்தைச் செய்வித்திருக்கிறார். மலைமேல் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கோயிலின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடிவாரத்தில் அய்யனாரும் கருப்பசாமியும் தாமரைக் குளமும். துறவிகள் போன பிறகும் அடிவாரத்துக் கீழக்குயில்குடிக்காரர்கள் இந்த மலையை விட்டுப் போகவில்லை. மலை உடைபடாமல் இருப்பதற்கு அந்த வழிபாடும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் மதுரை மாவட்டத்தில் எத்தனையோ குன்றுகள் கிரானைட் பலகைகளாகக் கப்பலேறிவிட்டன. துறவிக்குக் கூரை தந்த அதே பாறையடுக்குதான் குவாரிக்காரருக்கும் வசதி. மாங்குளத்துக் குகைகள் இருக்கும் மீனாட்சிபுரத்தையும் பக்கத்து அரிட்டாபட்டியையும் சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பை 2022-இல் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதலாவது அது. இருந்தும் 2024-இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை வரை நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

விளாங்குடிக்காரர்களுக்கு மாங்குளத்தைவிடக் கிட்ட இருப்பது சமணர் மலையின் மேற்குப் பக்கம், முத்துப்பட்டி. அங்குள்ள குகையிலும் இதே தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. நாகப்பேரூரைச் சேர்ந்த முசிறிக்கோடன் எளமகன் என்ற ஒருவனின் பெயர் அது. நாகமலைக்குப் பக்கத்தில் நாகப்பேரூர்; பெயரிலோ மேற்குக் கடற்கரையின் பழந்துறைமுகமான முசிறி! போகிறவர்கள் நடுப்பகலில் போக வேண்டாம். உச்சி வெயிலில் ஆழமில்லாத கோடுகள் மறைந்துபோகும். வெளிச்சம் சாய்வாக விழும் காலையோ மாலையோ நல்லது. சுண்ணாம்போ சாக்பீஸோ தடவி எழுத்தை எடுப்பாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது எழுத்துக்குக் கேடு. பிராமியில் க என்பது கணக்கில் போடும் கூட்டல் குறி, ர என்பது நெட்டுக்குத்தாக ஒரு கோடு. முதலில் கூட்டல் குறியைத் தேடுங்கள். அதன் உச்சியில் வலப்பக்கமாகச் சிறு கோடு ஒட்டியிருந்தால் க அல்லது கா. ஒன்றும் ஒட்டாமல் இருந்தால் பெரும்பாலும் க்.