யாருடைய பாவத்துக்கு?

1934 ஜனவரி 15ஆம் தேதி, பிற்பகல் இரண்டேகால் மணி வாக்கில், கிழக்கு நேபாளத்தை மையமாகக் கொண்டு பூமி குலுங்கியது. அளவு 8. பீகாரில் முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. முசாபர்பூரும் தர்பங்காவும் பெரும் சேதம் கண்டன. ஊர்ப்புறங்களில் வயல் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. பயிர் நின்ற இடத்தை மணல் மூடியது. இந்தியாவிலும் நேபாளத்திலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று பேசினார். தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே 1934 பிப்ரவரியில் வெளியிட்டு, பக்கத்திலேயே தம் பதிலையும் கொடுத்தார். கடவுள் நல்லவர் என்றால் உலகில் இத்தனை கொடுமை ஏன் என்ற பழைய கேள்வியை நம் நாட்டில் இவ்வளவு பெரிய இருவர் இவ்வளவு வெளிப்படையாக விவாதித்த தருணம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

தாகூரின் வாதம் இரண்டு பக்கம் வெட்டுவது. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்பது ஒன்று. மற்றது இன்னும் கூர்மையானது: பாவம் செய்தவர்கள் தூரத்தில் பத்திரமாக இருக்க, அவர்களுக்குப் பாடம் புகட்டுவதற்காகக் குழந்தைகளையும் தீண்டப்படாதவர்களையும் சேர்த்துக் கொல்கிற ஒருவரை நாம் நாகரிகமான அரசர் என்றுகூடச் சொல்ல மாட்டோம், கடவுள் என்று எப்படிச் சொல்வது? தீண்டாமைக்குத் தண்டனை என்றால் தீண்டாமையால் நொந்தவனும் ஏன் சுவருக்கு அடியில் கிடந்தான்? இன்னொன்றையும் தாகூர் கண்டார். இதே வாதத்தைக் காந்தியின் எதிரிகள் அவருக்கு எதிராகவே எளிதாகத் திருப்பிவிடலாம். சனாதனிகள் அப்படியே செய்தார்கள். கோயில் நுழைவு இயக்கம் என்ற அதர்மத்தால் வந்த பூகம்பம் இது என்றார்கள். ஒரே பூகம்பம், இரண்டு நேரெதிர் பாவங்கள். எது சரியென்று சொல்ல எந்த அளவுகோலும் கிடையாது.

ஆனாலும் காந்தியை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிட்டு நகர்வது சுலபமான வேலை. அவருடைய பதிலில் ஒரு நிஜமான முடிச்சு இருக்கிறது. கடவுள் கண்டபடி நடப்பவர் என்று ஏற்கவும் அவருக்கு மனமில்லை; குருட்டு விசைகள் மோதிக்கொண்டதன் விளைவு என்று விட்டுவிடவும் மனமில்லை. நல்ல கடவுளை நம்புகிற யாரும் வந்து நிற்கிற இடம் இது. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர், ஆயினும் தீமை இருக்கிறது. இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்ற கேள்வியைக் கிரேக்க ஞானி எபிக்யூரஸ் பெயரில் வழங்குவார்கள். டேவிட் ஹியூம் 1779இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் அதை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்து உலகறியச் செய்தார். நம்மூர்ப் பகுத்தறிவு மேடைகளில் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்படுவதும் இதுவேதான்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்காததால்தான் பாதிக் குழப்பம். ஒன்று பொதுக்கேள்வி: நல்ல கடவுளும் தீமையும் ஒருசேர இருப்பது தர்க்கப்படி சாத்தியமா? மற்றது தனிக்கேள்வி: இந்த மனிதனுக்கு, இந்தக் குழந்தைக்கு, இது ஏன்? முதல் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. சாத்தியமே இல்லை என்று ஜே. எல். மேக்கி 1955இல் வாதிட்டார். ஆல்வின் பிளான்டிங்கா எழுபதுகளில் அதற்கு எதிர்வாதம் வைத்தார்: உண்மையான சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தவறாகப் பயன்படுத்தவே முடியாதபடி பார்த்துக்கொள்வது எல்லாம் வல்லவருக்கும் கூடாத காரியமாக இருக்கலாம். தர்க்க முரண் என்ற கடுமையான குற்றச்சாட்டு நிற்காது என்பதை நாத்திக அறிஞர்கள் பலரும் பிறகு ஒப்புக்கொண்டார்கள். தீமை கடவுளின் இருப்பை நம்பத்தகாததாக ஆக்குகிறதா என்பதுதான் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் சர்ச்சை.

மனிதன் செய்யும் கொடுமைக்குச் சுதந்திரம் ஒரு பதில். பூகம்பம் யாருடைய சுதந்திரம்? இங்கே பீகார் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவின் மீது முட்டுவதால்தான் இமயம் எழுந்தது. இமயம் இருப்பதால்தான் கங்கையும் கோசியும் கண்டகியும். அந்த ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் வடபீகாரின் வயல். 1934இல் அந்த மண் குலுக்கலில் குழம்பாகி, வீடுகளின் அஸ்திவாரத்தை விழுங்கியது. தளர்வான ஈர வண்டலுக்கு அந்தக் குணம் உண்டு. நெல்லை விளைவித்த அதே மண்தான் வீட்டையும் சாய்த்தது. சீரான விதிகளால் இயங்கும் உலகம் வேண்டுமானால் அதன் விலையும் கூடவே வரும் என்று நம்பிக்கையாளர் சொல்வதில் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

அதோடு, இயற்கைச் சீற்றம் என்று நாம் எழுதிவைக்கும் கணக்கில் மனிதன் கைவரிசை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர் திருநாள். லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் பூகம்பமும் பின்னாலேயே கடல் அலையும் தீயும் வந்து நகரத்தை அழித்தன. வால்டேர் கொதித்து எழுதியதற்கு ரூசோ 1756இல் கடிதமாகப் பதில் சொன்னார்: ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கிக் கட்டியது இயற்கையா? அப்போது அது சமாளிப்பாகத் தோன்றியிருக்கலாம். 2010ஐப் பாருங்கள். ஜனவரியில் ஹெய்ட்டியில் 7 அளவு பூகம்பம். குறைந்தது ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8, வெளிப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு, சாவு ஐந்நூறைச் சுற்றி. ஹெய்ட்டியில் தலைநகரை ஒட்டியே நிலம் குலுங்கியது என்பதைக் கழித்துக்கொண்டாலும், கட்டடச் சட்டமும் வறுமையும்தான் பெரும் வித்தியாசம். அதே ஹெய்ட்டி மக்களைப் பற்றித்தான், அவர்களுடைய முன்னோர் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டதால் வந்த வினை என்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பேசினார். மோசமான கான்கிரீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்த நேரம் அது.

சரி, எல்லாம் வல்லவருக்கு வண்டலும் வேண்டும், நிலநடுக்கமும் வேண்டாம் என்றொரு உலகம் செய்யத் தெரியாதா என்று கேட்கலாம். ஹியூமும் இதைத்தான் கேட்டார். இதற்கு நம்பிக்கையாளரிடம் முழுமையான பதில் கிடையாது. இருப்பதாகக் காட்டிக்கொள்ளும்போதுதான் அவர் கெட்டுப்போகிறார் என்பதே என் கட்சி. பொதுக்கேள்விக்குக் கிடைத்த அரைப் பதிலை எடுத்துக்கொண்டு தனிக்கேள்விக்குள் நுழைந்து, ‘உனக்கு இது இதனால்தான்’ என்று சொல்லும் கணத்தில் அவர் காப்பாற்ற வந்த கடவுளின் நன்மையே போய்விடுகிறது. அடிபட்டவனைக் குற்றவாளியாக்காமல் அந்தக் காரணத்தைச் சொல்ல வழியில்லை.

வினைக் கொள்கை இதற்கு விதிவிலக்கு என்று நம்மவர்கள் சொல்வார்கள். அந்தக் கொள்கையின் நேர்மையை மறுக்க முடியாது. உலகில் இத்தனை ஏற்றத்தாழ்வு இருக்கையில் படைத்தவன் பாரபட்சமும் கொடூரமும் உடையவன் ஆகிவிடுவானே என்ற குற்றச்சாட்டைப் பிரம்ம சூத்திரம் பூசி மெழுகாமல் நேருக்கு நேர் எடுத்துவைக்கிறது. உயிர்களின் வினைக்குத் தக்கபடிதான் பலன் என்று பதில் சொல்கிறது. முதல் வினை எங்கிருந்து வந்தது என்றால், அதற்குத் தொடக்கமில்லை, அநாதி என்கிறது. சைவ சித்தாந்தம் இன்னும் ஒருபடி போய், துன்பத்தையும் இறைவனின் அருளாகவே, மறக்கருணையாகவே காண்கிறது. உயிரைப் பிணித்த அழுக்காகிய மலம் பக்குவப்பட அது மருந்து. ஓர் அடியவர் தம் நோயைப் பார்த்து ‘இது என் வினை, இதுவும் அவன் கருணை’ என்று சொன்னால் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அது அவர் தாங்கிக்கொள்ளும் வழி. அதே வாக்கியத்தை ‘உன் வினை’ என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். சேரியில் பிறந்தவனைப் பார்த்து நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டது அதுதான். பிறர் வினையைப் படித்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

காந்தியிடமும் இந்த இரண்டு வாக்கியங்களும் கலந்து கிடக்கின்றன. இந்த நம்பிக்கை தம்மைப் பணிய வைக்கிறது, கடவுளுக்கு அருகே கொண்டுபோகிறது என்று பதிலில் எழுதினார். அது தன்மையில் சொன்னது. அதில் யாருக்கும் காயமில்லை. திருநெல்வேலியில் நின்று முங்கேரைப் பற்றிச் சொன்னதுதான் தவறு.

வேதநூல்களுக்குள்ளேயே இதற்குச் சாட்சி உண்டு. விவிலியத்தின் யோபு கதையில் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவனிடம் நண்பர்கள் வந்து, பாவம் செய்யாமலா இப்படி நடக்கும் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது தம்மைக் காப்பாற்றிப் பேசிய நண்பர்கள் மீது. யோபுவுக்கு மட்டும் காரணம் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. கடவுளுக்காக வக்கீல் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கதையின் முடிவை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அந்த வக்கீல் வேலையை நம் கரையிலும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணியில் திருப்பலிக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களைச் சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் சாவு ஆறாயிரத்தைத் தாண்டியது. பேராலயத்துக்குள் தண்ணீர் வராததை அற்புதம் என்று சிலர் கொண்டாடினார்கள். பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. ஆனால் ஆலயத்துக்குள் இருந்தவரை அவர் காத்தார் என்று அடித்துச் சொல்பவர், மணலில் நின்றவரை என்ன செய்தார் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

காரணம் சொல்வதை விட்டுவிட்டால் நம்பிக்கையில் என்ன மிச்சம், எது நடந்தாலும் ‘நமக்குத் தெரியாது’ என்று தப்பிக்கும் வெறும் வார்த்தைதானே என்று ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். பெரியம்மையின் கதை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. உடம்பில் முத்துப் போட்டால் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிய நாடு இது. அந்த நோய் தெய்வத்தின் வருகை என்பது நம்பிக்கையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சங்கதி அன்று, நடுவிலேயே இருந்தது. தடுப்பூசி வந்தது, 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை, 1980இல் உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். சமயபுரத்தில் சித்திரைத் தேருக்குக் கூட்டம் குறைந்ததா? நோய்க்குச் சொன்ன காரணம் உதிர்ந்தது, அம்மன் மீதான பக்தி உதிரவில்லை. இது கடவுள் இருப்பதற்கு ஆதாரம் ஆகாது. விளக்கம் போனால் பக்தியும் போய்விடும் என்ற பயத்துக்கு மட்டும் இது பதில். துன்பம் ஒவ்வொன்றும் அவர் திட்டமிட்டுத் தந்தது என்றால் ஊசி போட்டவன் திட்டத்தைக் கெடுத்தவன் ஆவான். எந்தப் பக்தரும் அப்படி நினைப்பதில்லை. நடைமுறையில் அவர்களும் என் கட்சிதான்.

தமிழில் இந்தக் கோபத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு. இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவர், பிச்சையெடுத்துப் பிழைக்கும் வாழ்வை விதித்ததற்காகப் படைத்தவனுக்கே சாபம் கொடுக்கிறார். உலக நூல்களில் இவ்வளவு துணிச்சல் அபூர்வம். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைச் செய்தவனைப் பண்பில்லாதவன் என்கிறார். இருவரும் துன்பத்துக்கு நியாயம் கற்பிக்கவில்லை, துன்பப்படுபவன் மீது குற்றமும் சுமத்தவில்லை. வழக்கைப் படைத்தவன் மீதே போட்டார்கள். நம்பிக்கையாளர் இவர்களோடு சேர்ந்து நிற்கலாம், அதனால் நம்பிக்கை குறையாது.

துன்பத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை துன்பப்பட்டவருக்கே உண்டு என்ற இந்த நிலைக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. ‘என் வினை’ என்றோ ‘என் சிலுவை’ என்றோ சொல்ல வாயில்லாதவர்கள் என்ன ஆவது? தஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் இவான் கரமசோவ் குழந்தைகளின் துன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசியது அதனால்தான். அதற்கும் கீழே மிருகங்கள் இருக்கின்றன. மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஒன்றையொன்று தின்று வந்தவை, பாவமும் அறியாதவை, பக்குவமும் தேடாதவை. உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவி இனங்கள் உண்டு. குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேயுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குளவியைத்தான் சுட்டினார்; அன்புள்ள, எல்லாம் வல்ல ஒருவர் வேண்டுமென்றே இதைப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். அதே கடிதத்தில், இந்த அற்புதமான உலகம் முழுவதும் வெறும் முரட்டு விசையால் வந்தது என்று எண்ணவும் தம்மால் முடியவில்லை என்றும் எழுதினார். கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். டார்வினின் கொள்கைக்காக அமெரிக்காவில் முன்னின்று வாதாடியவரும் அவர்தான். இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். குளவி விஷயத்தில் ஒருவரையொருவர் சம்மதிக்க வைக்க அவர்களால் முடியவில்லை.